மெழுகுவர்த்தியை அணைத்தது யார்?

கேள்வி: எனக்கு 34 வயது. கணவர், ஏழு வயது மகனுடன் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் இருக்கிறேன். இரண்டு வருடங்களாக விக்கா என்கிற, இயற்கையைக் கும்பிட்டு மந்திரச் சடங்குகள் செய்யும் புதிய மதவழியைத் தனியாகப் பின்பற்றி வருகிறேன். மதம் மாறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். வீட்டில் முருகன் படமும் இருக்கிறது. கிளாஸ்டன்பரி கடைத்தெருவில் மந்திரக்கோல், அத்தாமே என்கிற சடங்குக் கத்தி எல்லாம் வாங்கினேன். நிறையப் படிக்கிறேன். ஆனால் செய்முறையில் முன்னேற்றமே இல்லை. கண்ணை மூடினால் எந்த உருவமும் நிற்பதில்லை. சடங்குக்கு என்னைச் சுற்றி வட்டம் போட்டால் ஏதோ நாடகம் நடிப்பதுபோல் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. கணவருக்கு இரவு ஷிஃப்ட் இருக்கும் நாட்களில், மற்றவர்கள் தூங்கிய பிறகுதான் செய்கிறேன். போன பௌர்ணமிக்கு, வீட்டில் அமைதி வேண்டி மெழுகுவர்த்தி ஏற்றி, அதனடியில் சீட்டு எழுதி வைத்தேன். (சீட்டு மட்டும் தமிழில்தான் எழுதுவேன், மனசு அதில்தான் நிற்கிறது.) அப்படியே தூங்கிவிட்டேன். ஊரிலிருந்து வந்திருக்கும் கணவரின் அம்மா, அத்தைதான் அணைத்திருக்கிறார். இப்படிக் கவனம் சிதறுவதுதான் என் பிரச்சினை. காட்சிப்படுத்தும் திறனை வளர்க்க என்ன பயிற்சி செய்யலாம்? கோவன் என்கிற விக்காக்காரர்களின் சிறு குழு ஒன்றில் சேர்ந்தால் பலன் இருக்குமா?
— பெயர் வேண்டாம், பிரிஸ்டல்

பதில்: லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் இந்த மாதிரிக் கடிதங்கள் வருவது வாடிக்கையாகிவிட்டது. ஒருவருக்கு ரெய்கி, ஒருவருக்குக் கிரிஸ்டல், உங்களுக்கு விக்கா. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இத்தனை செய்தும் ஏன் எதுவும் நடக்கவில்லை? "பொறுமையாக இருங்கள், உங்களுக்குள் சக்தி இருக்கிறது" என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை.

உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு தரம் படியுங்கள். கத்திக்கு இடம் இருக்கிறது, கோலுக்கு இடம் இருக்கிறது, மூடிய கண்ணுக்குள் என்ன தெரியவில்லை என்பதற்கு இடம் இருக்கிறது. "அத்தைதான் அணைத்திருக்கிறார்" என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் போகமாட்டேன்.

நடந்தது இதுதான். ஏழு வயதுப் பிள்ளை தூங்குகிற வீடு. அப்பா வேலையில். ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது, அதற்கு அடியிலேயே காகிதம். பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரே ஆள் தூங்கிவிட்டார். புது ஊரில், குளிரில், ராத்திரி எதற்கோ எழுந்த வயதான பெண்மணி ஒருத்தர் அதைப் பார்த்து அணைத்துவிட்டு, யாரையும் எழுப்பாமல் போய்ப் படுத்திருக்கிறார். ஸ்மோக் அலாரம் இருக்கிறதே என்று எனக்குப் பதில் எழுதாதீர்கள். அலாரம் கத்தும், அணைக்காது. இதற்கு நீங்கள் வைத்த பெயர் கவனச்சிதறல். நான் பொறுப்பில்லாத்தனம் என்பேன்.

சரி, உங்கள் வழியின் கணக்கிலேயே பேசுவோம். விக்காவில் வட்டம் போடுவது பாதி வேலைதான். கிழக்கில் காற்றையும் தெற்கில் நெருப்பையும் மேற்கில் நீரையும் வடக்கில் பூமியையும் அழைத்தவர், வேலை முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி அனுப்ப வேண்டும். வலப்பக்கமாகச் சுற்றிப் போட்ட வட்டத்தைப் பலர் இடப்பக்கமாகச் சுற்றிக் கலைப்பார்கள். அப்புறம் கொஞ்சம் ரொட்டியோ கேக்கோ சாப்பிட்டு, ஏதாவது குடித்து, தரையில் கை வைத்து உட்கார்ந்து, சாதாரண நிலைக்குத் திரும்புவார்கள். பழகியவர்கள் இந்தக் கடைசிப் பகுதியை ஒருநாளும் விடமாட்டார்கள். நீங்கள் அன்றைக்குத் திறந்ததை மூடவில்லை, அழைத்ததை அனுப்பவில்லை, ஏற்றியதை அணைக்கவில்லை. ஒன்றும் தெரியாத உங்கள் மாமியார்தான் வந்து அந்தச் சடங்கை முடித்து வைத்திருக்கிறார்! நாடகம் மாதிரி இருக்கிறது என்கிறீர்களே, பின்னே எப்படி இருக்கும்? பாதியில் தூங்கிவிடுகிற சடங்கு யாருக்கும் நிஜமாகத் தோன்றாது.

இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். எங்கோ நிஜமான சூனியக்காரிகள் ஆயிரம் வருஷமாகப் பரம்பரையாகச் செய்துவருவதைத் தான் தனியாக உட்கார்ந்து காப்பியடிப்பதாக ஒரு கூச்சம் உங்களுக்கு இருக்கிறது. அது தேவையில்லாத கூச்சம். விக்கா 20ஆம் நூற்றாண்டில் பிறந்தது. இதை விரிவாக ஆராய்ந்து சொன்ன வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்காரர்தான். அதை உலகுக்குக் காட்டிய ஜெரால்ட் கார்ட்னர், இளம் வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டம், சுங்கத்துறை என்று இருந்து 1936-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். நம் ஆட்கள் கொழுந்து பறித்த மலையில் கங்காணிகளோடு கணக்குப் பார்த்த வெள்ளைக்காரர்களில் ஒருவர் பிற்காலத்தில் இப்படி ஒரு மதத்தை முன்வைப்பார் என்று யார் நினைத்திருப்பார்கள்! அவருடைய கோவனில் 1953-இல் சேர்ந்த டோரீன் வேலியன்ட், சடங்கு வரிகளில் பல இடங்களில் ஆங்கில மாந்திரீகர் அலெய்ஸ்டர் குரோலியின் எழுத்து ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, அவற்றை எடுத்துவிட்டுத் தன் சொந்த வரிகளை எழுதிச் சேர்த்தார். ஆக, முன்னோடிகளும் உட்கார்ந்து எழுதித்தான் உண்டாக்கினார்கள். உங்களுக்கும் அந்த உரிமை உண்டு.

ஆரம்பத்தில் அவர்களுக்கு ஒளித்துச் செய்யவும் காரணம் இருந்தது. மந்திர சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொள்வதைக் குற்றமாக்கிய 1735-ஆம் ஆண்டுச் சட்டம் 1951-இல்தான் நீக்கப்பட்டது. உங்களுக்கு எந்தச் சட்டத்தைப் பார்த்துப் பயம்? 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 74,000 பேர் தங்களைப் பேகன், அதாவது பழைய இயற்கை வழிபாட்டைப் பின்பற்றுகிறவர், என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், 13,000 பேர் விக்கா என்று. அரசாங்கத்திடமே சொல்லிவிட்டார்கள். நீங்கள் புருஷனிடம் சொல்லவில்லை.

இப்போது அந்தச் சீட்டு. அடைப்புக்குறிக்குள் எவ்வளவு பெரிய விஷயத்தை வைத்துவிட்டீர்கள்! தமிழில் எழுதிய சீட்டு. உங்கள் மாமியாருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்தானே? மெழுகுவர்த்தியை அணைத்தவர் கையில் அந்தக் காகிதம் பட்டிருக்காது என்று நினைக்கிறீர்களா? அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு நீங்கள் சொல்லவில்லை. "வீட்டில் அமைதி" என்று மட்டும் சொல்கிறீர்கள். யாரிடமிருந்து அமைதி? புருஷன் ராத்திரி வேலைக்குப் போகிறவர், பையனுக்கு ஏழு வயது, புதிதாக வந்தவர் ஒருவர்தான். நான் கணக்கில் கெட்டிக்காரி இல்லை, ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கு வருகிறது.

நான் நினைப்பது தவறாக இருந்தால் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். சரியாக இருந்தால் இதையும் கேளுங்கள். யாருக்கும் கேடு வராதவரை உன் விருப்பப்படி செய் என்பதுதான் விக்காக்காரர்கள் தலைமேல் வைத்திருக்கும் நெறி. வீட்டில் தங்கியிருக்கும் ஒரு கிழவியைக் கிளப்பி அனுப்பச் சீட்டு எழுதுவது அதில் எந்தப் பக்கம் சேரும்? போதாக்குறைக்கு, அதற்கு மந்திரமே வேண்டாம். விசிட்டர் விசாவில்தான் வந்திருப்பார்; ஆறு மாதம் முடிந்தால் பிரிட்டிஷ் உள்துறையே அனுப்பிவைத்துவிடும்.

உங்கள் மாமியார் தேவதை என்று நான் சொல்லவரவில்லை. குளிர்காலத்தில், சின்னச் சமையலறையில், இரண்டு பெண்கள் நாள் முழுக்க ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களை வைத்து ஒரு வீடே கட்டலாம். அவர் சாம்பாரில் குறை சொல்லலாம், பையன் தமிழ் பேசுவதில்லை என்று குத்திக்காட்டலாம். ஆனால் அந்த ராத்திரி அவர் செய்ததை வைத்துப் பாருங்கள். காலையில் எழுந்து ரகளை செய்யவில்லை. மகனிடம் போட்டுக் கொடுத்ததாகவும் நீங்கள் எழுதவில்லை. பேரன் தூங்குகிறான், தீயை அணைத்தாயிற்று, அவ்வளவுதான் அவருக்கு. நீங்கள் அந்தக் காலையில் அவரிடம் ஒரு வார்த்தையாவது பேசினீர்களா? கடிதத்தில் இல்லை. பேசியிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று பெரியவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது என் கட்சி இல்லை. அது உங்கள் இஷ்டம். ஆனால் ஒரு கூரையின் கீழ் ராத்திரியில் நெருப்பு எரிந்தால், அந்தக் கூரையின் கீழ் தூங்குகிற பெரியவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. முதலில் கணவர். அவர் ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்த ஒரு மத்தியானம் உட்காரவைத்துச் சொல்லுங்கள். அப்புறம் அத்தை. அவரிடம் நீளமான விளக்கம் வேண்டாம். பௌர்ணமிக்கு விளக்கேற்றிக் கும்பிடுகிறேன், அன்றைக்குத் தூங்கிவிட்டேன், நீங்கள் அணைத்தீர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமி பார்த்து விரதம் இருப்பவருக்கு நிலாவைக் கும்பிடுவதை யாரும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் சீட்டைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால், அதைக் கிழித்துப் போடுங்கள்.

அது முடிந்த பிறகு பயிற்சிக்கு வாருங்கள். முன்னால் வேண்டாம்.

கண்ணை மூடினால் உருவம் வருவதில்லை என்கிறீர்கள். சிலருக்கு மனக்கண்ணில் படமே வராது, அது குறையும் இல்லை. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்து நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜெமன் 2015-இல் அதற்கு அஃபான்டேசியா என்று பெயரே வைத்துவிட்டார். நீங்கள் அந்த வகையா என்று தெரிய ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் வைத்து உருட்டி, முகர்ந்து, தோலைக் கீறி, பிறகு கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். நிறம் வருகிறதா, வாசனை வருகிறதா, விரலில் அந்தச் சொரசொரப்பு வருகிறதா? எது முதலில் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் சில நிமிடம், ஒரே நேரத்தில். படம்தான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உங்களுக்குப் பெரும்பாலும் ஒலிதான் வழி என்று எனக்குப் படுகிறது. மனசு தமிழில்தான் நிற்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு, நாலு திசையையும் இங்கிலீஷில் ஏன் அழைக்கிறீர்கள்? தமிழில் அழையுங்கள். சொந்தமாக எழுதுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலியன்ட் செய்ததும் அதைத்தானே. நாடக உணர்ச்சி பாதி அங்கேயே போய்விடும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். விக்காவில் எல்லோரும் வைத்திருப்பார்கள், பலர் அதில் படம் வரைந்து அழகுபார்ப்பதோடு சரி. நீங்கள் தேதி, நிலாவின் நிலை, என்ன வேண்டினேன், அதற்காகக் கையால் என்ன செய்தேன், என்ன நடந்தது என்று எழுதுங்கள். அந்த நாலாவது விஷயம் காலியாக இருந்தால் அந்த வேண்டுதலைத் திரும்பச் செய்யாதீர்கள். வீட்டில் அமைதி வேண்டிச் சீட்டு எழுதியவர், அமைதிக்காக வீட்டில் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும்.

நெருப்பு ஒரு மாதத்துக்கு வேண்டாம். அப்புறமும் பெரிய மெழுகுவர்த்தி வேண்டாம். கேக்கில் வைக்கிற சின்ன மெழுகுவர்த்தியை விக்காக்காரர்களே பயன்படுத்துகிறார்கள். சில நிமிடங்களில் தானே தீர்ந்துவிடும், தூக்கம் வர நேரமில்லை. மணல் போட்ட பித்தளைக் கிண்ணத்தில் நிறுத்துங்கள், பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், சுற்றிலும் காகிதமோ திரைச்சீலையோ இல்லாமல். படுக்கையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். கத்தியும் பையன் கைக்கு எட்டாத இடத்தில், பூட்டி.

கோவன் பற்றிக் கேட்டீர்கள். கார்ட்னர் வழிக் கோவன்களில் உடனே சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். ஒரு வருடமும் ஒரு நாளும் காத்திருக்கச் சொல்வது வழக்கம், அதற்குப் பிறகு மூன்று படிநிலைகள். அதற்கு முன்னால் பேகன்கள் பப்பிலோ காபிக் கடையிலோ கூடிப் பேசுகிற கூட்டங்களுக்குப் போய் ஆட்களைப் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே காசு கேட்கிறவர்களையும், வீட்டில் சொல்லாதே என்கிறவர்களையும் விட்டு எழுந்து வந்துவிடுங்கள். போகிற ராத்திரி பையனை யார் பார்த்துக்கொள்வது என்பதைக் கணவரோடு பேசி முடிவு செய்யுங்கள். மறுபடியும் அத்தை தலையில்தான் கட்டப்போகிறீர்கள் என்றால், எங்கே போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கட்டுங்கள்.