அரை கிலோ தேன் வாங்கினால் அரை லிட்டர் பாட்டில் நிரம்புமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். வழக்கமாகப் போகும் கடையில் அரை கிலோ தேன் வாங்கினேன். நான் கொண்டுபோன அரை லிட்டர் பாட்டில் முக்கால் கூட நிரம்பவில்லை. கேட்டதற்கு, "எடை சரியா இருக்கும்மா" என்கிறார். ஏமாந்துவிட்டேனா? கேக் செய்முறையில் "ஒரு கப் தேன்" என்று வேறு இருக்கிறது. அது எத்தனை கிராம்?

பதில்: நீங்கள் ஏமாறவில்லை. தண்ணீர்தான் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. நல்ல தேன் ஒரு லிட்டர் சுமார் 1.4 கிலோ இருக்கும். அதனால் 500 கிராம் தேன் பாட்டிலில் 350 மில்லி அளவுக்குத்தான் நிற்கும்.

பாட்டில் நிரம்பாததைவிட எடை போட்ட விதத்தைத்தான் கவனிக்கச் சொல்வேன். காலி பாட்டிலைத் தராசில் வைத்து, அது பூஜ்யம் காட்டிய பிறகுதான் தேனை ஊற்ற வேண்டும். கண்ணாடி பாட்டில் என்றால் அதுவே 200 கிராமுக்கு மேல் இருக்கலாம். தேன் விலையில் அது பெரிய பணம். கடைக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள், கேட்பது உங்கள் உரிமை. எடை குறைந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

விலையை ஒப்பிடும்போதும் இதே கணக்கு வேண்டும். ஒரு கடையில் அரை கிலோ 250 ரூபாய், இன்னொரு கடையில் அரை லிட்டர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடைதான் மலிவு என்று தோன்றும். ஆனால் அரை லிட்டர் என்பது 700 கிராம். இரண்டாவது கடையில் கிலோ சுமார் 430 ரூபாய்தான் ஆகிறது, முதல் கடையில் 500.

தேனில் தண்ணீர் கலந்தால் எடையே ஓரளவு காட்டிக்கொடுக்கும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனின் ஒப்படர்த்தி 1.35-க்குக் குறையக் கூடாது. அதாவது 100 மில்லி 135 கிராமாவது இருக்க வேண்டும். ஆனால் கெட்டியான சர்க்கரைப் பாகைக் கலந்திருந்தால் தராசு கண்டுபிடிக்காது, ஆய்வுக்கூடம்தான் வழி.

சரி, கேக்குக்கு வருவோம். 240 மில்லி கப் என்றால் சுமார் 340 கிராம், மேசைக்கரண்டி 21, தேக்கரண்டி 7. லிக்விட் குளுக்கோஸுக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். கப்பில் அளந்தால் ஒரு பங்கு கப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். தேன் பாட்டிலை அப்படியே தராசில் வைத்து பூஜ்யம் செய்துவிட்டுக் கரண்டியால் எடுங்கள். கழித்தல் குறியோடு 340 காட்டினால் நிறுத்திவிடலாம். கரண்டியை மட்டும் நன்றாக வழித்துவிடுங்கள். விற்பனைக்குச் செய்பவருக்கு ஒவ்வொரு கேக்கும் ஒரே மாதிரி வர இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கேள்வி: நன்னாரி சர்பத் 700 மில்லி பாட்டிலுக்கும் இதே கணக்கா? (ராயபுரம் வாசகர்)

பதில்: இல்லை, அது தேனைவிடக் கொஞ்சம் இளக்கம். கெட்டியான சர்பத் லிட்டருக்கு சுமார் 1.3 கிலோ, ஆக 700 மில்லி ஏறக்குறைய 910 கிராம். வீட்டில் காய்ச்சும் பாகுக்கு இப்படி ஒரே எண் சொல்ல முடியாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றி அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். அதை ஆறவைத்து எடை போட்டுக்கொள்ளுங்கள்.