குதிரை மசால் வெளிறினால் முதலில் வேரைப் பாருங்கள்

கேள்வி: கறவை மாடுகளுக்காகக் குதிரை மசால் போட்டிருக்கிறேன். கையில் இருந்த, தட்டைப்பயறுக்கான ரைசோபியம் என்ற நுண்ணுயிரில் விதை நேர்த்தி செய்தேன். மூன்றாவது அறுப்புக்குப் பிறகு தழை வெளிறி, வளர்ச்சியும் மந்தமாகிவிட்டது. செடி வாடினால்தான் தண்ணீர் விடுகிறேன். யூரியா போடலாமா ஐயா?

பதில்: யூரியாவைச் சற்று நிறுத்தி வையுங்கள். நிலத்தில் ஈரம் இருக்கும்போது நாலைந்து செடிகளை மண்கட்டியோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால், ரைசோபியம் தங்கி வாழும் வேர் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வேரை வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினால் பக்க வேர்களில் சிறிய, நீளவாக்கிலான முடிச்சுகள் தெரிய வேண்டும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடிக்கும் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அதனால் பயனில்லை.

உங்கள் வயலில் முடிச்சே இல்லாமலும் இருக்கலாம். தட்டைப்பயறுக்கான ரைசோபியம் குதிரை மசாலில் முடிச்சுக் கட்டாது. இதற்குரிய இனம் சைனோரைசோபியம் மெலிலோட்டி. அடுத்த விதைப்புக்கு அதைக் கேட்டு வாங்கி, ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். இப்போது நிற்கும் பயிருக்கு, அதே நுண்ணுயிரை ஈரமான தொழுவுரத்தில் கலந்து மாலையில் வரிசையோரம் தூவி உடனே தண்ணீர் பாய்ச்சலாம். விதை நேர்த்தி அளவுக்கு இது உறுதியான வழி இல்லை, ஆனாலும் செய்து பார்க்கத் தகுந்தது.

முடிச்சு இருந்தும் உள்ளே வெளுத்திருந்தால் ஈரத்தை முதலில் சந்தேகப்பட வேண்டும். குதிரை மசாலின் ஆணிவேர் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளும். முடிச்சுகளில் பெரும்பாலானவை இருப்பதோ மேல்மண்ணில். அதனால் செடி வாடாமல் நிற்கும்போதே முடிச்சுகள் காய்ந்து வேலையை நிறுத்திவிடும். வாட்டம் பார்த்துத் தண்ணீர் விட்டால் அப்போது தாமதமாகியிருக்கும். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் பாய்ச்சும் நேரம் வந்துவிட்டது. மணற்பாங்கான நிலத்தில் ஈரம் இருந்தாலும் உருண்டை சரியாகப் பிடிக்காது என்பதால் இந்தச் சோதனை ஏமாற்றும், அங்கே இடைவெளியைக் குறைத்துப் பாய்ச்சுங்கள். அதற்காகத் தண்ணீர் கட்டி நிற்கவும் விடக்கூடாது. காற்றில்லாமல் முடிச்சு அழுகிவிடும்.

அறுத்த பிறகு வரும் நாட்களை மட்டும் தவற விடாதீர்கள். தழை போனதும் முடிச்சுக்கு உணவு குறைந்து அதன் வேலை சட்டென்று விழும், புதுத் தழை வந்த பிறகுதான் மீளும். அந்தச் சமயத்தில் மண்ணும் காய்ந்தால் மீள்வது இன்னும் தள்ளிப்போகும். அறுத்த கையோடு ஒரு தண்ணீர் கொடுங்கள்.

சூடோமோனாஸ், பாஸ்போபாக்டீரியா போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் தொழுவுரத்தோடு சேர்க்கலாம். வேர் வளர்ச்சிக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) கிடைப்பதற்கும் உதவும். ஆனால் எதுவும் காய்ந்த மண்ணில் பிழைக்காது.

முடிச்சு சிவப்பாக இருந்தும் தழை வெளிறினால் சாம்பல் சத்து (பொட்டாஷ்), கந்தகம் குறைந்திருக்கலாம். மண் பரிசோதனை செய்து போடுங்கள். முடிச்சே இல்லை என்றால் இந்த அறுப்பைக் காப்பாற்றக் கொஞ்சம் யூரியா போடுவதில் தப்பில்லை. முடிச்சு உள்ள வயலில் போட்டால் செடி முடிச்சுக் கட்டுவதையே குறைத்துக்கொள்ளும்.