லேபிளில் ஸ்கூல் பேர் எழுதாத பையன்

கேள்வி: என் மகன் ஏழாவது படிக்கிறான். வீடு மாறியதால் நாலாவதில் ஒருமுறை ஸ்கூல் மாற்றினோம். சென்ற ஜனவரியில், ஆறாவது பாதியில், மெட்ரிக்கிலிருந்து சிபிஎஸ்இ-க்கு மாற்றினோம். நாத்தனார் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். கணக்கில் 90 வாங்கியவன் இப்போது அரையாண்டில் 80-க்கு 27. சோம்பேறித்தனம் வேறு, நோட்டு லேபிளில் பெயரும் வகுப்பும் எழுதுகிறான், ஸ்கூல் பெயரை மட்டும் எழுதுவதே இல்லை. எட்டாவதுக்கு ஐஐடி ஃபவுண்டேஷன் உள்ள பள்ளியில் சேர்க்கலாமா? (ஒரு தாய், திருச்சி)

பதில்: சேர்க்காதீர்கள்.

சோம்பேறித்தனம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். தன் பெயரை எழுதுகிறான், வகுப்பை எழுதுகிறான், அந்த ஒரு வரியை மட்டும் காலியாக விடுகிறான். சோம்பேறியாக இருந்தால் மூன்றையும் விட்டிருப்பான். எப்படியும் மாற்றிவிடுவார்கள், எதற்கு எழுத வேண்டும் என்று முடிவு செய்துவிட்டான் உங்கள் பிள்ளை. அவன் நினைத்தது சரிதான் என்று காட்டுகிற மாதிரி எட்டாவதுக்கு நாலாவது ஸ்கூல் தேடுகிறீர்கள்.

கணக்குக்கு வருவோம். மெட்ரிக்கிலும் சமச்சீர் பாடம்தான், அதில் ஆறாம் வகுப்புப் பின்னங்கள் மூன்றாம் பருவப் புத்தகத்தில்தான் வருகிறது, அதாவது ஜனவரிக்கு மேல். சிபிஎஸ்இ-யில் பருவம் கிடையாது, ஒரே புத்தகம், ஜனவரியில் இவன் போய் உட்காரும்போது அங்கே பின்னத்தை முடித்திருப்பார்கள். இங்கே இன்னும் ஆரம்பிக்கவில்லை, அங்கே முடிந்துவிட்டது. ஆறாவது பின்னம் தெரியாமல் ஏழாவது கணக்கில் அவன் எதைத்தான் போடுவான்? இது தெரியாமல் நீங்கள் கவனமில்லை என்று திட்டியிருக்கிறீர்கள், அவனும் தனக்கு மூளை இல்லை என்று நம்பியிருப்பான். நியூசிலாந்துக் கல்வி ஆய்வாளர் ஜான் ஹாட்டி 2009-ல் பிள்ளைகளின் படிப்பைப் பாதிக்கும் 138 காரணிகளை வரிசைப்படுத்தினார். அதில் கடைசி இடம் பள்ளி மாறுவதற்குத்தான்.

வீடு மாறியது சரி, அது யார் குடும்பத்திலும் நடக்கும். நாத்தனார் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதற்காக வருட நடுவில் ஒரு பிள்ளையைப் பிடுங்கி நடுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. சொந்தக்காரர்களோடு போட்டி போட வேண்டுமென்றால் பெரியவர்கள் போடுங்கள், அதற்குப் பிள்ளையின் சிநேகிதத்தையும் படிப்பையும் பணயம் வைக்காதீர்கள். அங்கே யாராவது அடிக்கிறார்கள், அவமானப்படுத்துகிறார்கள் என்றால் நாளைக்கே மாற்றுங்கள் என்பேன். அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை.

இப்போது செய்ய வேண்டியது, ஆறாவது மூன்றாம் பருவக் கணக்குப் புத்தகத்தை வாங்கி, தினமும் இருபது நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். அரை தோசை, கால் தோசையிலிருந்து ஆரம்பித்தாலும் தப்பில்லை. டியூஷனுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் டிவி பார்க்காதீர்கள். கணக்கு டீச்சரைப் பார்த்து, இவன் ஆறாவது பின்னம் படிக்காமலே வந்தவன் என்று சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. பக்கத்தில் உட்காரும் பையன் பெயர் என்ன என்று உங்கள் மகனிடம் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் ஒரு சிநேகிதன் பெயர்கூட இல்லை.

அப்புறம், உங்கள் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்தாவது வரை இதே ஸ்கூல்தான் என்று அவனிடம் சொல்லுங்கள். சொன்னபடி இருக்க முடியாது என்றால் சொல்லவே சொல்லாதீர்கள். லேபிளில் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவனுக்கு நம்பிக்கை வரும் அன்று அவனே எழுதுவான்.