ஹைப்ரிட் சிஸ்டத்தை எப்படி மாடல் செய்வது?

நீர்மட்டம் போலத் தொடர்ந்து மாறுவதும், ஆன்/ஆஃப் போலச் சட்டென்று தாவுவதும் கலந்த அமைப்பை எப்படி எழுதி, எப்படிக் கட்டுப்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் மொட்டை மாடித் தொட்டியை வைத்தே சொல்கிறேன். இந்தப் பாடத்துக்கு ஒரு மோட்டார் கெபாசிட்டரைப் பலி கொடுத்தவன் நான்.

1000 லிட்டர் தொட்டி. மோட்டார் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றும். வீட்டுச் செலவு 10 லிட்டர் என்று வையுங்கள். மோட்டார் ஓடினால் 20 லிட்டர் ஏறும், நின்றால் 10 லிட்டர் இறங்கும். தனித்தனியாகப் பார்த்தால் பள்ளிக்கூடக் கணக்குதான்.

நான் முதலில் எழுதியது ஒரே வரி: 900-க்குக் கீழே ஆன், மேலே ஆஃப். குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரில் மேற்பரப்பு அலம்ப, சென்சார் 898, 903 என்று தடுமாற, மோட்டாரை ஆன்/ஆஃப் செய்யும் சுவிட்சான ரிலே டக் டக் டக். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் மோட்டார் பல மடங்கு கரன்ட் இழுக்கும். மூன்றாம் நாள் கெபாசிட்டர் உப்பிவிட்டது.

அலையே இல்லாவிட்டாலும் இந்த மாடல் உருப்படாது. 900-ஐத் தொட்டதும் ஆஃப், உடனே இறங்கும், உடனே ஆன். நேரம் நகராமலே தாவிக்கொண்டிருக்கும். துள்ளும் பந்திலும் இதன் சாயல் உண்டு: 1 மீட்டரிலிருந்து விட்ட பந்துக்கு ஒவ்வொரு மோதலிலும் வேகத்தில் 80% மிஞ்சினால், கணக்குப்படி சுமார் 4.07 விநாடிக்குள் எண்ணற்ற முறை துள்ளி முடித்துவிடும். இப்படிக் குறிப்பிட்ட நேரத்துக்குள் எண்ணற்ற தாவல்கள் நடப்பதை ஜீனோ நடத்தை என்பார்கள். சிமுலேஷன் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

சரி, தீர்வு? 400-இல் ஆன், 950-இல் ஆஃப், நடுவில் இருந்தபடியே தொடரும். ஏற 27.5 நிமிடம், இறங்க 55. ஆனால் இப்போது தொட்டியில் 600 லிட்டர் இருக்கிறது என்று மட்டும் சொன்னால், மோட்டார் ஓடுகிறதா என்று உங்களால் சொல்ல முடியாது. ஆகவே மட்டத்தோடு ஆன்/ஆஃப்பையும் சேர்த்ததுதான் சிஸ்டத்தின் நிலை. தாளில் ஆனுக்கு ஒன்று, ஆஃபுக்கு ஒன்று என்று இரண்டு வட்டம் போடுங்கள். உள்ளே அதனதன் சமன்பாடு, நடுவே அம்புகள், அம்பின் மேல் தாவுவதற்கான நிபந்தனை. ஹைப்ரிட் ஆட்டோமேட்டன் என்பது இந்தப் படம்தான்.

அப்புறம், நின்ற மோட்டாரை 3 நிமிடத்துக்குத் தொடக்கூடாது என்று ஒரு டைமரும் வைத்தேன். கோடையில் சம்ப் வற்றினால் போக மூன்றாவது வட்டம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து தானாக வெளியே வர அம்பு போடவில்லை. நான் போய்ப் பட்டனை அழுத்த வேண்டும்.