ஆளுமைக் கோளாறுகளில் ஆய்வு செய்ய விரும்பும் மகள்: பினாங்கு அம்மாவுக்குப் பதில்

மகள் மனநல மருத்துவராகி, ஆளுமைக் கோளாறுகளில் (சிந்தனை, உணர்ச்சி, உறவு முறைகள் நீண்டகாலமாகச் சிக்கலாகவே இருக்கும் நிலை) ஆய்வு செய்ய விரும்புகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. "பைத்தியம் பார்க்கிற டாக்டருக்கா படிக்கிறாள்?" என்ற உறவினர் பேச்சை ஓரம் வையுங்கள். கணக்குப் பார்க்க வேண்டியது ஆண்டுகளைத்தான்.

மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு முடித்ததும் எம்.பி.பி.எஸ். ஐந்து ஆண்டு. பிறகு ஹவுஸ்மன்ஷிப் என்ற மருத்துவமனைப் பயிற்சி இரண்டு ஆண்டு: நான்கு மாதத்துக்கு ஒரு பிரிவு. கட்டாயமான ஐந்து பிரிவுகளில் மனநலம் இல்லை. அறுவை சிகிச்சையும் பிரசவமும் உண்டு. அடுத்து அரசு மருத்துவ அதிகாரியாக இரண்டு ஆண்டு. அதன்பின் மலாயா பல்கலைக்கழகத்திலோ மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலோ (யு.கே.எம்.) மனநல மருத்துவத்தில் நான்கு ஆண்டு மேற்படிப்பு. இடம் உடனே கிடைத்தாலும் நிபுணராகும்போது வயது 33 ஆகிவிடும். 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்தத்தில்தான் சேர்கிறார்கள் என்பதால் இடைவெளி நீளவும் கூடும்.

ஆளுமைக் கோளாறு அதற்கும் பிறகு வளர்த்துக்கொள்ளும் ஈடுபாடு. மேற்படிப்பு ஆய்வேட்டிலேயே அதைத் தொட்டுவிடுவது நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11 இப்போது பழைய வகைப்பெயர்களில் பெரும்பாலானவற்றை விட்டு, ஆளுமைக் கோளாற்றை லேசு, நடுத்தரம், கடுமை என்று அளக்கிறது. பிரச்சினை இரண்டு ஆண்டாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறது. இளம் மருத்துவர்கள் சறுக்குவது இங்கேதான். கையைக் கீறிக்கொண்டு இரவில் அவசரப் பிரிவுக்கு வந்த பெண்ணுக்கு அன்றே ஆளுமைக் கோளாறு என்று முத்திரை குத்திவிடுவார்கள். அடியில் மனச்சோர்வோ இருதுருவக் கோளாறோ இருந்தால் தவறிப்போகும். அடுத்த சறுக்கல், மாத்திரைக்கு மேல் மாத்திரை. உணர்ச்சிகளும் உறவுகளும் சட்டென்று தலைகீழாகும் எல்லைநிலை (பார்டர்லைன்) ஆளுமைக் கோளாற்றுக்கென்றே தனி மருந்து கிடையாது. முதன்மையான சிகிச்சை பேச்சுதான். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹன் வகுத்த டி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை முழுமையாக நடந்தால் ஓராண்டு: வாரம் ஒரு தனி அமர்வு, ஒரு குழு வகுப்பு, இடையில் நெருக்கடி நேரத் தொலைபேசி உதவி. சிகிச்சையாளர்களுக்கே தனியாக வாராந்தரக் கூட்டம் உண்டு. அந்தக் கூட்டம் இல்லாத இடத்தில் மருத்துவர்தான் முதலில் சோர்ந்துபோவார்.

"குணமே ஆகாதாமே" என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஆய்வாளர் மேரி ஸானரினி 290 எல்லைநிலை நோயாளிகளைப் பத்தாண்டு பின்தொடர்ந்ததில், 93 சதவீதத்தினருக்கு அறிகுறிகள் குறைந்தது இரண்டு ஆண்டு அடங்கியிருந்தன. ஆனால் வேலை, உறவு எல்லாம் சீராகி முழுமையாக மீண்டவர்கள் பாதிப்பேர்தான். ஆய்வுக்கு இடம் இருப்பது அந்த மீதிப் பாதியில்தான்.

மகளிடம் ஒன்று கேளுங்கள்: பிடித்திருப்பது மருத்துவமா, எதிரில் உட்கார்ந்து பேசுவதா? பின்னதென்றால், உளவியல் பட்டமும் கிளினிக்கல் சைக்காலஜி முதுகலையும் போதும். மருந்து எழுத முடியாது, டி.பி.டி. செய்யலாம். மருத்துவம்தான் என்றால், வெளிநாட்டுக் கல்லூரிக்கு முன்பணம் கட்டுமுன் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் அதன் பெயரைத் தேடிப் பாருங்கள். ஏஜெண்ட் காட்டும் தாளை நம்ப வேண்டாம்.