ஒன்பதாம் வகுப்புப் பையன், ஃப்ரீ ஃபயர், போன 1,400 ரூபாய்

வணக்கம் அக்கா. வீட்டுப்பாடம்னு போனை வாங்கின மகன், ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்ங்கிற போன் கேம்ல வைரம் (கேமுக்குள்ள செலவு பண்ற காசு) வாங்க உங்க கணக்குல இருந்து 1,400 ரூபாய் எடுத்துட்டான், போனைப் பிடுங்கினா வகுப்பு வாட்ஸ்அப் குழுவைப் பார்க்க முடியாதுன்னு எழுதியிருக்கீங்க.

முதல்ல பணம். வாங்கி 48 மணி நேரம் ஆகலைன்னா கூகுள் பிளேயில ரீஃபண்ட் கேளுங்க. கட்டாயம் கிடைக்கும்னு இல்லை, கேட்டா நஷ்டமும் இல்லை. பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி வைங்க. யுபிஐ பின்னை இன்னிக்கே மாத்துங்க. அவனுக்கு அது தெரிஞ்சிருக்கும், பசங்க பக்கத்துல நின்னே மனப்பாடம் பண்ணிடுவாங்க!

குழுவுக்காக அவன் கையில போன் இருக்கணும்னு அவசியமில்லை. நீங்க திறந்து காட்டுங்க, அவன் நோட்டுல எழுதிக்கட்டும். அஞ்சு நிமிஷ வேலை. அவனுக்குத் தனி போன் இருந்தா ஃபேமிலி லிங்க்னு பெத்தவங்களுக்கான கூகுள் ஆப் போட்டு, கேமுக்கு மட்டும் நேரம் வைக்கலாம்.

ஒரேயடியா நிறுத்தாதீங்க. நான் போனை பீரோவுல வச்சுப் பூட்டினேன், என் பையன் பக்கத்து வீட்டு மாடியில விளையாடிட்டு வந்தான். நாலு பேர் சேர்ந்து ஆடற ஆட்டம் அது. பாதியில பிடுங்கினா கூட்டாளிங்க திட்டுவாங்க, அந்தக் கோபம்தான் நம்ம மேல பாயுது. "இந்த மேட்ச் முடிஞ்சதும் வை"ன்னு சொல்லிப் பாருங்க. எங்க வீட்டுல சத்தம் பாதியாச்சு.

அந்த 1,400 ரூபாயை அவன் பாக்கெட் மணியில மாசாமாசம் கழிச்சுக்குங்க. அடிக்க வேண்டாம்.