அடர் நீலமா, ஆஃப் ஒயிட்டா?

கேள்வி: படுக்கையறைக்கு அடர் நீலம் அடிக்க ஆசை. வீட்டில் எல்லோரும் ‘அறை சின்னதாகத் தெரியும், ஆஃப் ஒயிட்டே அடி’ என்கிறார்கள். எது சரி?

பதில்: அறை சின்னதாகத் தெரியுமா என்ற பேச்சை விடுங்கள். அந்த அறையில் எந்த நேரத்தில் இருப்பீர்கள், அப்போது வெளிச்சம் எங்கிருந்து வரும்? அதை வீட்டில் யாரும் கேட்கவில்லை, நீங்களும் எழுதவில்லை.

ஆஃப் ஒயிட் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். அடர் நீலம் பெரும்பாலும் 10 சதவீதம்கூடத் தராது. ஜன்னலும் பல்பும் பழையபடியே இருக்க, சுவரை மட்டும் நீலமாக்கினால் அறை இருண்டுதான் போகும். இரவில் தூங்க மட்டும் போகிற அறை என்றால் அந்த இருட்டு சுகம். மூலைகள் கண்ணில் படாது, தலைமாட்டில் ஒரு விளக்கு போதும். பகலில் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்றால் நீலம் வேண்டாம்.

பல்பையும் கவனியுங்கள். 2700 கெல்வின் (பல்பு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் வெளிச்சத்தில் நீலக் கதிர் குறைவு. காலையில் அழகாக இருந்த நீலம் ராத்திரி கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். ஆஃப் ஒயிட்டும் சும்மா இருக்காது. தரை சிவப்பாக இருந்தால் சுவரின் கீழ்ப்பகுதி லேசாக ரோஸ் அடிக்கும்.

‘சரி, ஒரு சுவருக்கு மட்டும் நீலம்’ என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பக்கத்தில் வெள்ளை இருந்தால் நீலம் இன்னும் கனமாகத் தெரியும். அடிப்பதென்றால் நான்கு சுவருக்கும் அடியுங்கள்.

வேலையும் கூடுதல்தான். பெயின்ட்டுக்கு மூடும் சக்தி தருவது பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி. அடர் நிறங்களுக்கான பேஸில், அதாவது நிறம் கலப்பதற்கு முந்தைய அடிப்படை பெயின்டில், அது மிகக் குறைவு. இரண்டு கோட் அடித்த பிறகும் ரோலர் தடம் தெரியலாம். முதலில் சாம்பல் கலந்த பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். மேட் ஃபினிஷில் கட்டில் உரசிய இடம் பளபளவென்று தடமாக நிற்கும். பளபளப்பான ஃபினிஷ் எடுத்தாலோ புட்டி வேலையின் மேடுபள்ளம் அத்தனையும் வெளியே வரும்.

விரல் அகல ஷேடு கார்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். சின்ன டப்பா வாங்கி, 2 அடி அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ஜன்னல் பக்கச் சுவரில் ஒரு நாள், எதிர்ச்சுவரில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். ராத்திரி பல்பு வெளிச்சத்திலும் பிடித்திருந்தால் பெயின்டரைக் கூப்பிடுங்கள்.